பிரேம் கடைக்கு வந்த செல் படம்

சுந்தரலிங்கம் அண்ணனுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். பால்காரன் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் கூட என்பார். சிரிக்காவிட்டால் நேற்று ஊற்றிய தண்ணீரை நினைத்து முழிக்கிறான் என்பார். உக்குவளை ஸ்டேஷன் ரோட்டில் அவருடைய பிரேம் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இருபது வருடம் அந்தப் பலகை வழியாக அவருடைய சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டே நான் மிஷின் மிதித்திருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில். தொழில் பழகியது மாத்தளை டவுனில். எண்பத்து மூன்று கலவரத்தில் அங்கே வைத்திருந்த கடை எரிந்து போனது. அதற்காக மனுசன் சந்தேகக்காரன் ஆகவில்லை. எரித்தவர்களில் இரண்டு பேருக்குக் கலியாணப் படம் பிரேம் போட்டுக் கொடுத்ததே தான்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். அவரை மாற்றியது, சிங்களப் பையன்களைக் கிளர்ச்சிக்காரர் என்று இராணுவம் தேடிப் பிடித்த எண்பத்தொன்பது. பல்லேபொலையிலிருந்து ஒரு சிங்களத் தாய் மகனுடைய படத்தைக் கொண்டு வந்து கொடுத்திருந்தாள். பசை காயட்டும் என்று அதைக் கடை முன்னால் மாட்டி வைத்தார். ஜீப்பில் வந்தவர்கள் அந்த முகத்தைக் கண்டு இறங்கினார்கள். இவன் எங்கே என்று கேட்டார்கள். அவருக்கு அந்தப் பையனின் பெயர்கூடத் தெரியாது. தெரியாது என்று சொன்னதற்கு ஆறு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். இடது காது அதற்குப் பிறகு சரியாகக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு சட்டம். படம் கொண்டு வருகிறவர் அது யார் என்று சொல்ல வேண்டும். அவர் அதைப் பென்சிலால் பின்பக்கம் எழுதிக்கொள்வார். முருகன், மாப்பிள்ளை பொண்ணு, பட்டம் வாங்கின பிள்ளை, செத்துப்போன மாமியார், எல்லோருக்கும் பெயர் இருந்தது. பெயர் இல்லாத படத்துக்கு அவர் ஆணி அடிப்பதில்லை.

2007ஆம் ஆண்டு மங்கையற்கரசி மிஸ் ஒரு படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கணவர் இல்லை, மாத்தளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளார்க். ரயில் பாதைக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். அதிர்ந்து பேசாத மனுசி. எனக்கு அவருடைய பிளவுஸ் அளவு மனப்பாடம்.

படத்தை விரித்ததும் நானும் எட்டிப் பார்த்தேன். முழுக்கக் கறுப்பு. கறுப்புக்கு மேலே பச்சை நார்கள், பாக்குத் தோலைப் பிய்த்துப் போட்டதுபோல, ஆனால் மினுங்கிக்கொண்டு. நடுவில் நீலமாக முட்டை வடிவில் ஒன்று. கண்ணை எடுக்க முடியாத வடிவு. என்ன என்றுதான் விளங்கவில்லை.

"யாரு படம்ங்க மிஸ்?"

"இது மனுசன்ர செல் அண்ணை. சாயம் போட்டு விசேஷ வெளிச்சத்தில எடுக்கிறது. மகன் அனுப்பினவர். அங்க இப்பிடிப் படங்களை வீட்டுச் சுவரில வடிவுக்குக் கொழுவினமாம்."

அண்ணன் பென்சிலைக் கையில் எடுத்தார். எழுதாமல் கீழே வைத்தார். புதன்கிழமை வாங்க என்றார்.

மிஸ் தெருமுனை திரும்புவதற்குள் அண்ணன் என் கடைக்குள் வந்துவிட்டார்.

"றஹீமா, மனுசன் செல்லுன்னு என்னமோ சொல்றாங்களே, அது என்னா?"

"செல் எண்டா மேலால வந்து உழுந்து வெடிக்கிறது தானே அண்ணன்," என்றேன்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கலம் என்றுதான் படிப்பித்தார்கள். அந்த நாட்களில் செல் என்றால் வடக்கே போரில் விழுகிற செல்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அவருக்கு அது போதும். படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குப் பாடம் எடுத்தார். "இந்தா பாரு, நடுவுல நீலம், குளம். சுத்திப் பச்சை, ரோடு. ராத்திரியில மேலருந்து எடுத்த ஊருப் படம் இது." வடக்கிலிருந்து இயக்கத்து விமானம் வந்து குண்டு போடும் என்று கொழும்பில் இரவில் கரண்டை நிறுத்திய வருடம் அது. அவர் சொல்லச் சொல்ல எனக்கும் குளம் தெரிந்தது. அதைவிடப் பெரிய சந்தேகம் அவருக்கு வேறொன்று. "எட்டு வருசமா பழகுறாங்க. மகன் ஒருத்தன் இருக்கறதா மூச்சு விட்டதில்லையே."

புதன்கிழமை மிஸ் வந்தார். கண்ணாடி வரவில்லை என்றார் அண்ணன். அடுத்த புதன் வந்தார். பிரேம் பலகை முடிந்துவிட்டது, கண்டியிலிருந்து வர வேண்டும் என்றார் அண்ணன். கடை நிறையப் பலகை சாத்தியிருந்தது. மிஸ் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மூன்றாவது புதனுக்கு முந்தின நாள் ஒரு பொலிஸ் சார்ஜன் தன் மகளின் பரிசளிப்புப் படத்தை எடுக்க வந்தார். மிஸ்ஸின் படத்தைத் தன் கடையில் வேறு யாராவது கண்டால் இன்னொரு ஆறு நாள் உள்ளே என்று அண்ணன் நினைத்திருப்பார். தானாகவே எடுத்து மேசையில் விரித்தார். சார்ஜன் குனிந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சைல," என்றார். உடம்பிலுள்ள கலத்துக்குச் சிங்களத்தில் அதுதான் சொல். "மகளின் உயிரியல் புத்தகத்தில் இருக்கிறது முதலாளி. இதற்கா பயந்தீர்?"

அண்ணனும் சிரித்தார். நானும் இந்தப் பக்கத்தில் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். நிம்மதியில் மனுசனுக்கு வாய் அடங்கவில்லை. கச்சேரி மிஸ் கொண்டு வந்தது, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது என்று தானாகச் சொன்னார்.

சார்ஜனின் சிரிப்பு நின்றது. யாழ்ப்பாணத்துப் பையன் வெளிநாட்டில் என்றால் அந்த நாட்களில் இயக்கத்துக்காரனா என்றுதான் பார்ப்பார்கள். "மகனா? எந்த நாடு?"

அன்றைக்குப் பின்னேரமே ஜீப் ரயில் பாதைப் பக்கம் போனது. மகன் எப்போது போனான், யாரோடு போனான், யாருக்குப் போன் எடுக்கிறான் என்று மூன்று மணி நேரம் கேட்டார்களாம். அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருந்த அவனுடைய படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பொலிசுக்கு வந்து கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். கச்சேரியில் உடன் வேலை செய்கிறவர்கள் மிஸ்ஸுடன் தேநீர் குடிக்கப் போவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அண்ணன் அந்த வாரமே படத்துக்குப் பிரேம் போட்டார். இருந்ததிலேயே நல்ல தேக்குப் பலகை. மூலைகளை நான்கு தடவை தேய்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் வெட்கம்.

நான்காவது ஞாயிறு கழித்து மிஸ் வந்தார். மெலிந்திருந்தார். நான் மிஷினை நிறுத்தினேன்.

"மிஸ், நான் தெரியாமப் பண்ணிட்டேங்க," என்றார் அண்ணன்.

மிஸ் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சுவரில மகன்ர போட்டோ தொங்கினா வாறவை எல்லாரும் ஆர் இது, எங்க இருக்கிறார் எண்டு கேப்பினம். எட்டு வருசமா அவன்ர முகத்தை அலுமாரிக்க வச்சுத்தான் பாத்தனான். அங்க அவன் வேலை செய்யிற இடத்தில தன்ர கன்னத்தின்ர உள்பக்கத்தை வழிச்சு இதை எடுத்து அனுப்பினவன். அம்மா, இது நான்தான், இதைக் கொழுவுங்கோ, ஒருத்தருக்கும் விளங்காது எண்டு."

அண்ணன் இதுவரை கேட்ட கேள்விகளில் இந்த ஒன்றைத்தான் பாசத்தோடு கேட்டார் என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

"புள்ளைக்கு என்னா வயசுங்க மிஸ்?"

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். "இதை ஆருக்குச் சொல்லப் போறியள்?"

மிஸ் பிரேமைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்து ஆணிகளை மேசையில் கிடந்த குறட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றினார். படத்தை மட்டும் எடுத்துச் சுருட்டினார்.

"பிரேம் உங்களிட்டயே இருக்கட்டும். இனி இதையும் சுவரில போடேலாது. இது ஆரெண்டு இப்ப எல்லாருக்கும் தெரியும்."

குடையை விரித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கமாக நடந்து போனார்.