காய்ச்சலுக்குத் தப்பிய ரத்தம்

என் மூத்த பிள்ளை ஆறு நாள்தான் இருந்தான். ஐம்பதுகளின் கடைசி அது. தேக்காவில் ஒரு கடைவீட்டின் மாடியறையில் நானும் கணவரும் குடியிருந்தோம். பக்கத்து அறை அக்கா, தன் மகன் போட்ட குழந்தைச் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். அந்துருண்டை வாசனை தூக்கலாக இருந்தது. பூச்சி அரிக்காமல் வைத்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். துவைக்காமல், உதறி அப்படியே போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் பிள்ளையின் கண் மஞ்சளாயிற்று.

“காலை வெயில்ல காட்டு, சரியாயிடும் லா,” என்றார் அக்கா.

காட்டினேன். ஐந்தாம் நாள் பால் குடிக்கவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு கீச்சுக்குரலில் அழுதான். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மறுநாள் வெறுங்கையோடு திரும்பினோம். மாமியார் நான் தின்ற அன்னாசியைக் குற்றம் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டியிருக்கலாமோ என்று நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

எட்டு வருஷம் கழித்து அடுத்த மகன் பிறந்தான். அதற்குள் ஆஸ்பத்திரியில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கியிருந்தார்கள். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

“மகன்ட ரத்தத்தில ஒரு குறை இருக்கு. பயப்பிடாதேங்கோ. சில மருந்துகள் குடுக்கக் கூடாது. அந்துருண்டை வீட்டில இருக்கவே கூடாது. அந்த வாசமே ரத்தத்தை உடைச்சு மஞ்சக்காமாலை ஆக்கிப்போடும்.”

மூத்தவனைப் பற்றியும் அந்தச் சட்டைகளைப் பற்றியும் சொன்னேன். அவர், “உங்கட அப்பா எங்க வேலை செய்தவர்?” என்று கேட்டார்.

“கிராஞ்சிப் பக்கம், ரப்பர் தோட்டத்துல. கூட வந்தவங்க மலேரியாவுல போயிட்டாங்க. அவருக்கு ஒண்ணும் ஆகல.”

“உறுதியாச் சொல்லேலாது. ஆனா மலேரியா இருந்த ஊர்களில இந்த ரத்தம் உள்ள ஆக்கள்தான் கூடுதலாத் தப்பியிருக்கினம். தப்பினவைக்குத்தானே பிள்ளையள். அப்பிடித்தான் இது பெருகினது. அப்பாட்ட இருந்து உங்களுக்கு, உங்களிட்ட இருந்து மகனுக்கு.”

அப்பாவைக் காப்பாற்றியது எதுவோ அதுவே எனக்குள் சத்தமில்லாமல் இருந்து என் பிள்ளையை எடுத்துக்கொண்டது. யாரைத் திட்டுவது? அக்காவிடம் நான் சொல்லவேயில்லை. அவர் கடைசிவரை வெயிலைத்தான் நம்பினார்.

பேரனைப் பார்க்க அப்பா வந்தார். தூக்கி வைத்துக்கொண்டு, “என்னை மாதிரியே இருக்கான்,” என்றார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பால் கொடுக்கணும் என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

அவன் நன்றாகவே வளர்ந்தான். ஆனாலும் தினமும் காலையில் அவனை ஜன்னலோரம் நிறுத்தி, இமையை விலக்கிக் கண்ணைப் பார்ப்பேன். வெள்ளையாகத்தான் இருக்கும். சில நாள் அந்தக் கண்ணுக்குள்ளிருந்து மூத்தவன் பார்ப்பதுபோலத் தோன்றும்.

“என்னம்மா பாக்குறீங்க?” என்பான்.

“தூசு,” என்பேன்.