மாட்டுக்கொட்டகைச் செங்கல்லும் மடாலயக் கல்லும்

பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் நான் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி அது. இந்தத் தடவையும் போனால் படிப்பு நின்றுவிடும் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். எனக்கோ பிரெஞ்சு டீச்சராகியே தீர வேண்டும். நெடுங்காடு கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்ணுக்குப் பிரெஞ்சு எதற்கு என்று சிரித்தவர்கள் மூக்கை உடைக்க வேண்டும் என்ற ஆத்திரம் வேறு.

தேர்வுக்கு வைத்திருந்த பாடம், பிரான்சில் இடிந்து கிடக்கும் ஒரு பெனடிக்ட் சபை மடாலயம். சதுப்பை வடித்து வயலாக்கி, ஜெபமும் உழைப்புமாகத் துறவிகள் பல நூறு வருஷம் வாழ்ந்த இடம். புரட்சி வந்ததும் அவர்களைக் கிளப்பிவிட்டார்கள். புத்தகப் படத்தில் கூரை இல்லை. புல் நடுவே கல் வளைவு ஒன்று மட்டும் நின்றது.

தேர்வு நடத்த வந்த பிரெஞ்சு அம்மா கேட்டார்: போரும் இல்லை, தீயும் இல்லை, பிறகு எப்படி இடிந்தது?

காலத்தால் சிதைந்தது என்று நோட்ஸில் இருந்ததைத்தான் எல்லாரும் ஒப்பித்தார்கள். நானும் அதைத்தான் உருப்போட்டிருந்தேன். வாயைத் திறந்ததும் அந்த வரி மறந்துவிட்டது. படத்தையே பார்த்தேன். எங்கள் ஊர் வாய்க்கால் கரையில், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போய், இப்போது மொட்டையாக நிற்கும் சுங்கச் சாவடி ஞாபகம் வந்தது.

ஊர்க்காரர்கள் பெயர்த்து எடுத்துப் போயிருப்பார்கள் என்றேன், தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில். முதலில் உத்தரமும் ஓடும் போகும். மழை இறங்கிச் சுவர் தளரும். அப்புறம் ஆளுக்குக் கொஞ்சம். வளைவை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். ஒரு கல்லை உருவினால் மொத்தமும் தலையில் விழும்.

எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்றார். எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவரில் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மடாலயத்தைச் சுற்றியிருக்கும் வீடுகளிலும் அதன் கற்கள்தான் இருக்கின்றன என்று சொல்லி, அங்கேயே பாஸ் போட்டார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாஸுப்பா!"

"என்னம்மா கேட்டாங்க?"

"சாவடிச் செங்கல்ல யாரு தூக்கிட்டுப் போனாங்கன்னு."

அப்பா முகம் வெளிறிவிட்டது. "எம் பேரச் சொல்லிட்டியா?"

"சொன்னதுக்குத்தாம்ப்பா பாஸு!"

அந்தப் பொங்கலுக்குக் கொட்டகை முழுக்கச் சுண்ணாம்பு அடித்த அப்பா, சாவடிச் செங்கல் இருந்த பக்கத்தை மட்டும் அப்படியே விட்டார். வருகிறவர்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். "இதப் பாத்துத்தாங்க எம் பொண்ணு பாஸானுச்சு."