கோடு பாய்

பைப்பை வெட்டியதும் அவர் பசை டப்பாவைத் திறப்பதில்லை. காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுக்கிறார். இணைப்புக்குள் பைப் எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ, அந்த இடத்தில் சுற்றிவர ஒரு கோடு. அப்புறம்தான் பசை, அப்புறம் ஒரே அழுத்து. கோடு இணைப்பின் வாயைத் தொட்டு நின்றால் பைப் முழுசாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். மற்ற பிளம்பர்கள் கண்மதிப்பில் சொருகிவிட்டுக் கிளம்புகிற காலத்தில் இவர் உட்கார்ந்து கோடு போடுவதால் இவருக்குக் கோடு பாய் என்று பேர். அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. போனிலேயே "கோடு பாய் பேசுறேன்" என்பார்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி ஊர்க்கதை எல்லாம் பேசுவார். பசை தடவும்போது மட்டும் வாய் மூடிவிடும். அந்த நேரம் பார்த்து "டீ வேணுமா பாய்?" என்று கேட்டு, அவர் முறைத்த முறைப்பில் என் மனைவி டம்ளரோடு திரும்பி வந்ததுண்டு. வேலை முடிந்ததும் சமாதானம் சொன்னார். "கோச்சுக்காதீங்கம்மா. சுவத்துக்குள்ள போற வேல, கபுருக்குழிக்குள்ள வெச்சு மூடுற மாதிரி. அப்புறம் திருத்த முடியாது."

சுவருக்குள் மறையப்போகிற பைப்பின் அடிப்பக்கத்தில் வழிந்த பசையைக்கூடத் துணியால் துடைப்பார். "அதை யார் பாய் பாக்கப் போறா?" என்றேன். விரலை மேலே காட்டினார். மாடிவீட்டுக்காரரைச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் குழம்பிப்போனேன்.

"நாம அவன பாக்கல சார், அவன் நம்மள பாக்குறான்ல? எங்கள்ல இதுக்கு இஹ்ஸான்னு பேரு. எதச் செஞ்சாலும் அழகா செய்யறது. தொழுகைக்கு மட்டும் இல்ல, பைப்புக்கும் சேத்துத்தான்."

எங்கள் குளியலறையை அவர் முடித்துக் கொடுத்து, அவருடைய மச்சான் டைல்ஸும் ஒட்டிவிட்டுப் போனார். நானும் மனைவியும் கதவைத் திறந்து திறந்து பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தோம். மறுநாள் சாயங்காலம் எங்கள் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைப்பிள்ளையோடு வருகிறாள். பேரனைக் குளிப்பாட்டத்தான் வெந்நீர்க் குழாயே வைத்தோம். விடிந்து எழுந்து பார்த்தால் வாசலில் கோடு பாய், கையில் சுத்தியல். பின்னால் மச்சான், விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு.

"சார், ஒரு டைல்ஸ ஒடைக்கணும்."

"என்னது?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. பின்னாலேயே அவளும் வந்தாள்.

"காலைல தொழ நின்னேன்மா. கை கட்டுனதும் உங்க வெந்நீர் பைப்பு கண்ணு முன்னாடி வந்து நிக்குது. அந்த வளைவுல இருக்குற எல்போவ அழுத்திப் புடிக்கிறப்ப போன் அடிச்சுச்சு, ஒரு கைய எடுத்துட்டேன். கோடு வாய்க்கு வந்துச்சான்னு பாத்த ஞாபகமே இல்ல."

"தண்ணி விட்டுப் பாத்தீங்களே, கசியலையே!" என்றேன்.

"இன்னிக்குக் கசியாது சார். வெந்நீர் ஓடி ஓடி, என்னிக்காவது கசியும்."

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "தொழுகைல நெனப்பு ஓடுனா அது சைத்தான் வேலைன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னாருல்ல? பேசாம வாங்க மச்சான்."

"பைப்பு கசியக் கூடாதுன்னு சைத்தானுக்கு என்னய்யா அக்கறை?"

மனைவி விடுவதாக இல்லை. "சாயங்காலம் புள்ள வருது! வீடெல்லாம் தூசி பறக்கணுமா? கசியுறப்ப பாத்துக்கலாம், போயிட்டு வாங்க."

பாயின் குரல் இறங்கிவிட்டது. "உங்க வீடும்மா. வேணாம்னா போயிடுறேன். ஆனா இது இப்படியே இருந்தா என்னால ஒரு வேளகூட ஒழுங்கா தொழ முடியாதும்மா."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, "ஒடைச்சுத் தொலைங்க" என்று வழிவிட்டாள்.

கதவிடுக்கில் ஈரத்துணியை அடைத்துவிட்டு உடைத்தார். சிமென்ட்டைச் சுரண்டி, டார்ச் அடித்து, கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். "ஒரு நூல் வெளிய நிக்குது சார்!" கட்டட வேலைக்காரர்கள் கணக்கில் ஒரு நூல் என்றால் அரிசியின் நீளம்கூட வராது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

"இதுக்கா?" என்றாள் மனைவி.

"இதுக்குத்தாம்மா!" பரிசு விழுந்தவர் மாதிரி சிரித்தார். எனக்கு அந்த மனுஷனை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கோடு போட்டார். பசையைத் தொடும் முன் போனை மனைவி கையில் கொடுத்துவிட்டார். சொல்லிவைத்ததுபோல் அது அடித்தது. "பாய் பசை தடவுறாரு, அப்புறமா பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். நாளை வரை வெந்நீரைத் திறக்கக் கூடாது என்று பாய் உத்தரவு போட்டார். இன்று ஒரு நாள் அடுப்பில் காயவைத்துக்கொள்ள வேண்டுமாம். அவள் போய்ப் பெரிய பாத்திரத்தைத் தேடி எடுத்துவைத்தாள். பசை நன்றாக இறுகும்வரை காத்திருந்து, மச்சான் முணுமுணுத்தபடியே வேறு டைல் ஒட்டினார். பாய் தரையைப் பெருக்கித் துடைத்து, ஜன்னல் கம்பியில் படிந்த தூசியையும் விடாமல் துடைத்தார். அதற்குள் சாயங்காலத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

"பள்ளிவாசலுக்குப் போனா நேரம் போயிடும். இங்கயே ஒரு ஓரம் கெடைக்குமா சார்?"

மனைவி சலவைப் போர்வை ஒன்றைக் கூடத்தில் விரித்துக் கொடுத்தாள். இருவரும் நின்றார்கள். குனிந்தார்கள். நெற்றியைத் தரையில் வைக்கும் நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. பேரன் வீடே அதிரக் கத்திக்கொண்டு உள்ளே வந்தான். பிறந்து சில நாளே ஆன பிள்ளையிடம் என் மனைவி உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ்... பாய் தொழுறாரு" என்றாள்.

மச்சான் லேசாகத் தலையைத் தூக்கிப் பக்கத்தில் பார்த்தார். பாய் எழுந்திருக்கவில்லை. மச்சான் மறுபடியும் நெற்றியைத் தரையில் வைத்தார்.

"தூங்கிட்டாரா?" என்று மகள் என் காதில் கேட்டாள்.

குழந்தை அழுது ஓய்ந்தது. பாயின் நெற்றி இன்னும் தரையில்தான் இருந்தது; அவர் ஓதும் முணுமுணுப்பு மட்டும் கேட்டது.