பச்சை வட்டத்தில் நான்கு தூளிகள்

1. போன புதன்கிழமை, ஜெயங்கொண்டம் பக்கத்து ஊர் ஒன்றில், என் ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் முந்திரி உடைக்கும் பெண்களுக்காகத் தங்கள் கையாலேயே கட்டிய கொட்டகையைத் திறந்தோம்.

2. பதினான்கு பெண்களும் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

3. அரை மணியில் நான்கு பேர், வழக்கமாக வேலை செய்யும் புளியமரத்தடிக்கே திரும்பிவிட்டார்கள்.

பின்னாலேயே ஓடினேன். அந்த நால்வரில் ஒருவரான செல்வியிடம் எட்டு மாதக் குழந்தை.

"கட்டடம் நல்லாத்தான் இருக்கு மேடம். புள்ளைக்குத் தூளிய எதுல கட்டுறது?"

கூரை பதினான்கு அடி உயரம். காற்றோட்டத்துக்காக!

"கீழ படுக்க வைக்கலாமே அக்கா?" என்றாள் என் மாணவி நிவேதா.

"தரையெல்லாம் முந்திரி ஓடு கிடக்கும்மா. ஓட்டுல இருந்து வர்ற பாலு பட்டா புள்ளைக்குத் தோலு உரிஞ்சிடும்." கறுத்துப்போன விரல்களைக் காட்டினார்.

கட்டுவதற்கு முன் ஐந்து முறை போயிருந்தோம். வெயில், காற்று, ஆட்கள்... எல்லாம் குறித்தோம். நாங்கள் எடுத்த படங்களிலேயே கிளையில் நான்கு தூளிகள் தொங்குகின்றன. வரைபடத்தில்? அந்த மரம் வெறும் பச்சை வட்டம்.

ஏழடி உயரத்தில் குறுக்கே ஒரு பைப் போட்டால் போதும்.

"மேடம்... காலேஜ் ஜூரில மார்க் போடுறவங்களுக்குக் காட்ட, பைப் இல்லாம போட்டோ எடுத்துட்டு அப்புறம் போடலாமா?" என்றாள் நிவேதா. திட்டினேன். ஒரு நொடி எனக்கும் அதே யோசனை வந்தது — அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் வெல்டர் வந்து பைப்பைப் பொருத்தினார்.

"கணக்குப்படி நாலு தூளியும் தாங்கும்" என்றேன்.

"கணக்கு தாங்கும். பைப்பு தாங்குமா? மொதல்ல நீங்க தொங்குங்க" என்றார் செல்வி.

துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தொங்கினேன். வேறென்ன செய்ய?

"செல்வி, தாலாட்டு பாடுடி, மேடம் தூங்கட்டும்!" என்று யாரோ கத்த, கொட்டகையே சிரித்தது.

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. வெல்டிங் வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானும் ஒருமுறை தொங்கிப் பார்த்துவிட்டு, சேலையை எடுத்துத் தூளி கட்டினார்.

மற்ற மூவர்? "ஒரு வாரம் அவ புள்ள ஆடட்டும், பாக்குறோம்" என்றார்கள்.

எத்தனை கட்டடம் வரைந்திருக்கிறேன்... எதற்கும் இப்படிப் பதறியதில்லை. தினமும் காலையில், அந்த ஊரிலேயே தங்கியிருக்கும் நிவேதாவுக்கு போன் செய்து ஒரே கேள்விதான் கேட்கிறேன். மேற்கே வேறு மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது.

இன்றைய நிலவரம்: பைப்பில் ஒன்று, மரத்தில் மூன்று.