மூன்றே கிளிக்கில் ஒரு மனச்சிதைவு

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் மருத்துவ அறையில் பதினெட்டு வருடம் நர்ஸாக இருந்தேன். இன்றும் நினைத்தால் ஆத்திரம் வருகிற சம்பவம் ஒன்று உண்டு. அதில் முதல் குற்றவாளி நான்தான்.

சேரப்பணஞ்சேரியிலிருந்து வேலைக்கு வரும் சுகுணா, லைன் ஆபரேட்டர். ஒருநாள் காலை ஷிப்டில் சூப்பர்வைசர் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். உடம்பு அனலாய்ச் சுட்டது.

"சிஸ்டர், யாரோ என் பேரச் சொல்லிக் கூப்டுகினே கீறாங்க. உங்களுக்குக் கேக்கல?"

நான்கு நாள் காய்ச்சலோடு ஓவர்டைம் பார்த்திருக்கிறாள், தூக்கமும் இல்லை. ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். பிறகு கம்ப்யூட்டரில் பதிய உட்கார்ந்தேன். நோயின் பெயரைத் தேர்ந்தெடுக்காமல் அந்தப் பாழாய்ப்போன சாஃப்ட்வேர் சேவ் ஆகாது. வெளியே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். குரல் கேட்கிறது என்றாளே என்று மனநலப் பிரிவைத் திறந்தேன். அதில் முதலில் இருந்தது மனச்சிதைவு, ஸ்கிசோஃப்ரினியா. அதையே தட்டிவிட்டேன்.

குணமாகி வந்தவளைத் தொழிற்சாலை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். எச்.ஆர். அதிகாரியிடம் ஓடினேன்.

"நீங்க போட்டதுதானே சிஸ்டர்? மெண்டல் கேஸ மெஷின்கிட்ட நிறுத்தச் சொல்றீங்களா?"

மருத்துவப் பதிவை எச்.ஆர். எதற்குப் பார்க்க வேண்டும்? அதைக் கேட்க அங்கே நாதியில்லை. சுகுணாவோடு மனநல மருத்துவரிடம் போனேன். டைபாய்டு காய்ச்சலில் வந்த குழப்பம், மனச்சிதைவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, என்னை ஒரு பிடி பிடித்தார்.

"குரல் கேட்டா போதுமாம்மா? அறிகுறி ஒரு மாசமாவது நீடிக்கணும். காய்ச்சல், தைராய்டு, போதை எதுவும் காரணமில்லன்னு பாக்கணும். வீட்ல விசாரிக்கணும். நாங்களே அவசரப்பட மாட்டோம். அப்படியே மனச்சிதைவுன்னாலும் வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா? மாத்திரை சாப்ட்டுகிட்டு வேலைக்குப் போறவங்க எத்தனை பேர் என்கிட்ட வராங்க தெரியுமா?"



தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மருத்துவரின் கடிதத்தோடு மேலாளரிடம் கொடுத்தேன். அதற்கும் இழுத்தடித்தார்கள். தொழிற்சாலை ஆய்வாளரிடம் போவேன் என்றதும்தான் அவளைத் திரும்ப எடுத்தார்கள்.

புதிதாக வரும் நர்ஸ்களுக்குச் சொல்கிறேன்: கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவர் வேலை. சாஃப்ட்வேர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பேப்பரில் எழுதுங்கள்.

வேலைக்குத் திரும்பிய வாரமே சுகுணா விரலில் வெட்டுக் காயத்தோடு வந்தாள். நான் கட்டுப்போட்டு முடிக்கும்வரை அவள் கண் கம்ப்யூட்டர்மேலேயே இருந்தது.

"ஒண்ணும் எழுதாதீங்க சிஸ்டர். வலிக்கல."

ரத்தம் கட்டுத் துணியை நனைத்துக்கொண்டிருந்தது.