என் பேரில் மட்டும் இருந்த லிங்க்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில்தான் எனக்கு வேலை. சரக்குக் கணக்கு வைக்கக் கடைக்கு ஒரு டேட்டாபேஸ், கிள்ளான் ஊரில் இருக்கும் எங்கள் ஸ்டோருக்குத் தனியாக இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே லிங்க் போட்டது நான். யாரும் சொல்லித் தரவில்லை, விழுந்து எழுந்து நானே கற்றுக்கொண்டது. இங்கிருந்து ஒரு சேலையின் நம்பரைத் தட்டினால் அது கிள்ளானுக்குள் எட்டிப் பார்த்து, சரக்கு இருக்கிறதா என்று சொல்லிவிடும்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த லிங்கை எல்லாருக்கும் பொதுவாகப் போட்டிருக்கலாம். நான் என் பேரில் போட்டிருந்தேன். என் யூசர் பெயரில் நுழைந்தால்தான் அது கண்ணுக்கே தெரியும். பொதுவாகப் போட்டால் கீழே கவுண்டரில் நிற்கும் அக்கா எதற்கு எனக்குப் போன் போடப்போகிறார்?

"தம்பி, மயில்கழுத்துக் கலர் கிள்ளான்ல இருக்கா? இந்தம்மா மூஞ்சியப் பார்த்தா இல்லைன்னு சொல்ல வாய் வரல."

ஒரு நாளைக்குப் பத்து தடவை இப்படிக் கூப்பிடுவார். அவர் பேச்சைக் கேட்கவே நான் ஒரு நிமிஷம் தாமதித்துப் பதில் சொல்வதுண்டு.

பிறகு சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். பட்டம் வாங்கியவள். முதல் நாளே கேட்டாள்: "அண்ணே, கிள்ளான் லிங்க் எங்க இருக்கு? எனக்குக் காட்டலையே."

"பழைய சிஸ்டம் லா. அப்படித்தான்," என்றேன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. தானே ஒரு லிங்க் போட்டாள். கிள்ளான் பக்கம் பார்க்க மட்டும் முடிகிற, எதையும் மாற்ற முடியாத தனி யூசர் ஒன்றை அதற்கென்றே உண்டாக்கினாள். மாலைக்குள் கவுண்டர் திரையிலேயே கிள்ளான் சரக்கு தெரிந்தது.

மறுநாள் என் போன் அடிக்கவில்லை. தேநீர் எடுக்கிற சாக்கில் கீழே போனேன்.

"கெட்டிக்காரப் பொண்ணு லா தம்பி," என்றார் அக்கா. "இனிமே உங்களுக்கு என் தொந்தரவு இல்ல, நிம்மதியா இருங்க."

தொந்தரவாம்! சிரித்துக்கொண்டே மாடியேறினேன். வயிறு எரிந்தது. அவள் லிங்க் எங்கேயாவது அறுந்து தொலையாதா என்று தினமும் காத்திருந்தேன்.

அறுந்தது என்னுடையதுதான். கிள்ளான் சிஸ்டம் என் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது, மாற்றினேன். லிங்குக்குள் பழைய பாஸ்வேர்ட் அப்படியே கிடந்ததை மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து எதற்கோ தட்டிப் பார்த்தபோதுதான் உள்ளே விடமாட்டேன் என்றது. மூன்று வாரமாக அது செத்துக் கிடந்திருக்கிறது, ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வேறு வழியில்லாமல் அவள் மேசைக்குப் போனேன். "உன் லிங்க்ல எனக்கும் பெர்மிஷன் குடும்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். "போட்ட அன்னைக்கே குடுத்துட்டேனே அண்ணே. உங்க பேருதான் முதல்ல இருக்கு. நீங்க பார்க்கவே இல்லையா?"

"பார்த்தேன், பார்த்தேன்," என்று பொய் சொல்லிவிட்டு வந்து, என் லிங்கை அழித்தேன். ஒரே வரி வேலை. பிறகு அவள் எழுதியிருந்ததைத் திறந்து வரிவரியாகப் படித்தேன், ஒரு தப்பாவது கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. அதற்கும் சேர்த்து எரிந்தது.