இருவரும் இறங்கினோம்

நீருக்கடியில் எழுதுவதற்கென்றே ஒரு வெள்ளைப் பலகை உண்டு. பென்சிலால் எழுதினால் உப்புநீர் அழிக்காது. அந்தமானில், அரசுப் பல்கலைக்கழகத்தின் தீவு வளாகத்தில் கடலுயிரியல் படிக்கச் சேர்ந்த முதல் வாரமே அதை என் கையில் கொடுத்தார்கள். மலையும் படிக்கட்டும் பார்த்து வளர்ந்த திருத்தணிக்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்கினேன்.

என்னோடு கடலில் இறங்கும் துணை, எங்கள் ஊருக்குப் பக்கத்து கே.ஜி.கண்டிகைக்காரன். தனியாக யாரும் இறங்கக் கூடாது என்பது வளாகத்தின் கண்டிப்பான விதி. ஒருவன் அளவுநாடாவைப் பிடிக்க, மற்றவன் பவளத்தில் எது உயிரோடிருக்கிறது, எது செத்தது என்று எண்ணிக் குறிப்பான். கப்பலில் மூன்று நாள் வாந்தியெடுத்துக்கொண்டு சேர்ந்தே வந்தவர்கள் நாங்கள். மெஸ்ஸில் மீன் வறுவலைப் பார்த்தால் அவன், "மச்சான், பாடத்தையே வறுத்து வெச்சிகினு கீறானுங்க, துன்னு" என்பான்.

கடைசிப் பருவ ஆய்வின்போது காதில் சீழ் பிடித்து நான்கு நாள் படுத்துவிட்டேன். "நீ படுத்துகினு இரு, நான் போய் எண்ணிகினு வந்துட்றேன்" என்றான். மாலையில் ஈரத் தலையோடு வந்து எண்களைச் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் எழுதினேன். பவளம் எல்லாம் உயிரோடு இருந்தது! அந்தக் கோடையில் பவளம் வெளுத்துச் சாகிறது என்று கேள்விப்பட்டுப் பயந்திருந்த எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் தனியாக இறங்கியது தெரிந்தால் ஆய்விலிருந்தே நீக்கிவிடுவார்கள். அதனால் 'இருவரும் இறங்கினோம்' என்று நானே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அதே வாரம், அதே இடத்தில் சீனியர்கள் எடுத்த படங்களில் பாறை முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. அவன் கடற்கரைப் பக்கமே போகவில்லை. குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு வந்திருக்கிறான். பேராசிரியை நோட்டைத் திறந்து வைத்துக் கேட்டார். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் நோட்டைப் பார்த்தான்.

"எழுத்து அவனுதுங்க மேடம். நான் நாடா புடிச்சதோட சரி."

நான் இறங்கவேயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். 'இருவரும் இறங்கினோம்' என்பதற்குக் கீழே என் கையெழுத்து இருந்தது. என் ஆய்வு ரத்தானது, பட்டமும் போனது. அவனை எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

இப்போது அவன் கடல் ஆய்வு வேலையில் இருக்கிறான். நான் பள்ளிப்பட்டுக்குப் போய் டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டதும் ஓடிவந்து தோளில் கை போட்டான்.

"இன்னா மச்சான், இன்னும் கோவமா? நான் இன்னா பொய்யா சொன்னேன்? எழுத்து உன்னுதுதானே?"

"ஆங், என்னுதுதான்" என்றேன்.

அவன் ஊர் வழியாகப் போகும் பள்ளிப்பட்டு பஸ் வந்தது. முண்டியடித்து ஏறியவன், பக்கத்து சீட்டில் கைக்குட்டையைப் போட்டு, ஜன்னல் வழியாக "வாடா, எடம் புடிச்சிட்டேன்" என்று கத்தினான்.

நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.